வேடிக்கை பார்க்க வந்தவர்கள்

அக்கா வாசித்த இடத்தில் சிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை. கோட்டைக் காவலனின் கழுத்தில் கயிறு இறுகுகிற இடம் அது. ஆனால் பீரோவுக்குப் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நீயாக்கா சிரிச்சே?" என்றாள் தங்கை.

"கால் உடைஞ்சா காதும் போயிடுமா உனக்கு? நான்தான் வாசிச்சிட்டிருக்கேனே."

மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் தங்கைக்கு வலது காலில் மாவுக்கட்டு, இடது முழங்கையில் தையல். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா சாயங்காலம் வீடு திரும்பியதும் முகம்கூடக் கழுவாமல் கட்டிலருகே உட்கார்ந்து வாசிப்பாள். காலம் தாண்டிப் பழைய நகரங்களுக்குப் போய்க் கொலைகளைத் துப்பறியும் ஒரு பெண் டாக்டரின் கதை. இப்போது ஏழாம் பாகம். கொலை நடக்கப்போகும் அறைக்கு டாக்டர் முன்கூட்டியே போய் நிற்பாள். எதையும் தடுக்க முடியாது, பார்க்க மட்டும் முடியும். சாகப்போகிறவரைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் அவள் தெரியமாட்டாள்.

அந்த இடம்தான் சகோதரிகளுக்கு உயிர். கதையில் யாராவது வெறும் மூலையைப் பார்த்து விழித்தால் போதும், "பாத்துட்டான்டி, ஆள் காலி!" என்று இருவரும் குதூகலிப்பார்கள். செத்தவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. பாவம் பார்த்தால் சுவாரசியம் போய்விடும் அல்லவா?

கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் கொலைகாரன் யாரென்று பந்தயம் கட்டுவார்கள். தோற்றவள் பாத்திரம் கழுவ வேண்டும். தங்கை தோற்றதே கிடையாது. "யாரு விழுந்து விழுந்து கவனிச்சுக்கிறாங்களோ, அவங்கதான்க்கா" என்பாள். அவளுடைய சூத்திரம் அது.

"இரு, பால் காய்ச்சிட்டு வரேன். அதுக்குள்ள கடைசிப் பக்கத்தைத் திருட்டுத்தனமா பாத்தே, கையையும் உடைச்சிடுவேன்," என்று அக்கா புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. சமையலறையில் பாத்திரம் நகர்ந்தது, அடுப்பு பற்றிக்கொண்டது, அக்கா ஏதோ முணுமுணுத்தபடி அம்மிக்குழவியால் மாத்திரையை நசுக்கினாள். இத்தனைக்கும் அடியில், புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தால் வருமே அந்த வாசனை, அது அறைக்குள் மெல்லப் பரவி நெஞ்சை அடைத்தது. தங்கை பீரோப் பக்கம் திரும்பினாள்.

ஒருவர் நின்றிருந்தார். கண்காட்சிக்கு வந்தவரைப்போல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மரியாதையாக. அவருக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். திரைச்சீலையை ஒட்டி இன்னும் சிலர். யாருடைய உடையிலும் பொத்தானோ தையலோ இல்லை. எல்லாருமே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா!"

அக்கா தட்டோடு ஓடிவந்தாள். அவளுக்கு வழிவிட அந்த மனிதர் வயிற்றை எக்கி ஒதுங்கினார். அவள் அவரை உரசாத குறையாகக் கடந்து வந்தாள்.

"அங்க... அங்க யாரு நிக்கிறாங்க?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். "துணி தொங்குது. வலி மாத்திரை மயக்கம்டி. பேசாம குடி. கசக்காம இருக்க சர்க்கரை நிறையப் போட்டிருக்கேன்." டம்ளரை நீட்டினாள். "இன்னைக்கு ரெண்டு மாத்திரை."

"எதுக்கு ரெண்டு?"

"நேத்து ராத்திரி பூரா முனகிட்டே இருந்தியே. டாக்டரைக் கேட்டுட்டுத்தான் போட்டேன். நல்லாத் தூங்குவே."

தங்கை மறுபடி பீரோப் பக்கம் பார்த்தாள். அக்காவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. அப்படியென்றால் சாகப்போவது நான். யார் கையால்? இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? ஊட்டிவிடுகிறவள். தலை வாரிவிடுகிறவள். விழுந்து விழுந்து கவனித்துக்கொள்கிறவள்.

"ஆறட்டும்," என்றாள். டம்ளரை வாங்கிக் கட்டிலோரம் வைத்தாள்.

"சரி, அதுக்குள்ள கட்டை மாத்திடலாம்." அக்கா தட்டில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து முழங்கைக் கட்டை வெட்டினாள். கத்தரிக்கோலை மெத்தைமேல் வைத்தாள். துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. வெந்நீரில் பஞ்சை நனைத்துக்கொண்டு குனிந்தாள். "வலிச்சா சொல்லுடி செல்லம்."

செல்லம்.

மூலையில் சலசலப்பு. ஓர் அடி முன்னால் வந்தார்கள். இன்னும் ஓர் அடி. செருப்புப் பெட்டி வாசனை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது. இதோ. இப்போதுதான்.

பால் டம்ளரை யாருமே பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் தங்கையின் வலது கையில் இருந்தன. ஏன் என் கையைப் பார்க்கிறார்கள்? அது உறைத்தபோது கை கத்தரிக்கோலோடு அக்காவின் கழுத்துக்குப் போய்விட்டிருந்தது.

அக்கா கத்தவில்லை. கழுத்தைப் பொத்திக்கொண்டு, களைத்துப்போனவளைப்போல் கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். பால் கொட்டி அவள் மடியில் ஓடியது. அதன் நிறம் மாறியது.

"அக்கா. அக்கா, நான் இல்லக்கா. நீதான்னு நெனச்சேன்க்கா." தங்கை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தாள். மாவுக்கட்டுக் கால் கட்டில்மேலேயே சிக்கிக்கொண்டது. ஒரு கையால் அக்காவின் கழுத்தை அழுத்தினாள். விரலிடுக்கில் சூடாக வழிந்தது. நிற்கவில்லை. நிற்கவே இல்லை.

அக்காவின் கண்கள் அவளைத் தாண்டிப் பீரோப் பக்கம் போயின. அங்கேயே நின்றன.

"யாருடி... இவங்கல்லாம்?" என்றாள். மூச்சு கொப்பளித்தது. "ஏன்டி சிரிக்கிறாங்க?"

தங்கை திரும்பினாள். கொல்லப்போகிறவள் கண்ணுக்குத்தான் இவர்கள் முதலில் தெரிவார்கள் என்று வாசித்த பாகங்களில் எங்குமே இல்லை. அவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பின்வரிசையில் இருந்த அந்தப் பெண், முன்னால் நின்றவர்கள் மறைக்கிறார்கள் என்று, குழந்தையை உயரத் தூக்கித் தோள்மேல் உட்காரவைத்துக்கொண்டாள்.