மாமியின் சென்சர்

காலையிலிருந்து ஒரு பாலில்லாத கட்டன்சாயாவைத் தவிர ஜாஸ்மி எதையும் வாயில் வைக்கவில்லை. அதிலும் சீனி போடவில்லை. ஆனாலும் மதியத் தூக்கத்தின் நடுவில் அவளுடைய போன் கீச்சென்று குரல் எழுப்பியது. திரையில் 231. பக்கத்தில் மேலே பார்த்தபடி ஓர் அம்பு.

எழுந்து உட்கார்ந்து, நைட்டியின் கைக்குள் விரலை விட்டு இடது மேற்கையின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தாள். வெள்ளை வட்டம் அங்கேதான் இருந்தது. நாணயத்தின் அகலம், நடுவில் ஒரு சிறிய துளை. அதனடியில் முடியைவிட மெல்லிய கம்பி தோலுக்குள் இறங்கியிருந்தது. அது ரத்தத்தைத் தொடாது. சதைக்கு நடுவே ஊறிக்கிடக்கும் நீரைத் தொட்டு, அதிலிருக்கும் சர்க்கரையை அளந்து போனுக்குச் சொல்லும். மஸ்கட்டில் வேலை பார்க்கும் அவளுடைய கணவன் ஜாஸ்பரின் போனுக்கும் அதே நிமிடத்தில் சொல்லும். அவன்தான் ஊருக்கு வந்த நண்பனிடம் அதைக் கொடுத்துவிட்டிருந்தான். ஜாஸ்மிக்காக அல்ல; தன் அம்மா லீலாபாய்க்காக.

ஜாஸ்மிக்குச் சர்க்கரை நோய் கிடையாது.

சென்சர் வந்த அன்று, வீடியோவைப் பார்த்துப் பார்த்து அவள்தான் அதைப் பொருத்தத் தயார்செய்தாள். ஒரு டப்பாவின் மூடியை உரித்து, அதிலிருந்த கறுப்புக் கோட்டை, சென்சரைப் பொருத்தும் குழலின் கறுப்புக் கோட்டோடு சேர்த்து, மேசைமேல் வைத்து அழுத்தித் தூக்கினாள். குழலின் வாய்க்குள் ஊசி மின்னியது. கையைத் துடைக்க ஸ்பிரிட் பஞ்சோடு திரும்பியபோது மாமி லீலாபாய் சேலைத்தலைப்பால் தோளை மூடிக்கொண்டாள்.

“எனக்க கையில வேண்டாம் மக்கா. வெள்ளைச் சீலை உடுத்தா சட்டைக்குள்ள பொட்டுமாதிரி தெரியும். சபைச் சங்கத்துப் பொம்பளையளுக்கு முதுகிலயும் கண்ணு உண்டும். அந்த ஷெர்லி ஒருத்தி போதும், களியக்காவிளை வரைக்கும் விளம்பரம் பண்ணிருவா.”

ஜாஸ்மிக்குக் காரணம் தெரியும். போன கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்தில் சபை முழுவதும் கேட்க மைக்கைப் பிடித்து மாமி சாட்சி சொல்லியிருந்தாள். ஆண்டவர் தன் சுகரை வேரோடு எடுத்துப்போட்டார், இனி ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை என்று. அன்று அவள் அதை நம்பித்தான் சொன்னாள். அடுத்த வாரம் தலைசுற்றி விழுந்த பிறகு மறுபடி இன்சுலின் வந்தது. ஆனால் சொன்ன சாட்சியைத் திரும்ப எடுக்க முடியவில்லை. கொக்கியிட்ட குளியலறைக்குள் நின்றுதான் மாமி ஊசி போட்டுக்கொள்வாள். வேலைக்காரி கண்ணில் படாமல் ஊசிகளைத் தோட்டத்தில் புதைப்பது ஜாஸ்மியின் வேலை.

“பின்ன உங்க மகன் கேட்டா அவியள்ட்ட நான் என்ன சொல்ல?”

“அவனுக்கு நம்பர்தானே வேணும்? நீ ஒட்டிக்கிடு. உனக்கு ஒரு கேடும் இல்லியே. நல்ல நம்பராட்டுப் போவும். அவனுக்கும் சமாதானம், எனக்கும் சமாதானம்.”

ஜாஸ்மி சிரித்துவிட்டாள். ‘அம்மைக்கு என்ன குடுத்த, எப்ப குடுத்த, ஏன் குடுத்த’ என்று தினமும் போனில் நடக்கும் விசாரணை இனி இருக்காது. குழலைத் தன் கையில் வைத்து அழுத்தினாள். டிக். வலிக்கவே இல்லை.

இப்போது திரையில் 238.

மேசை டிராயரிலிருந்து மாமியின் குளுக்கோமீட்டரை எடுத்து, தன் விரலைக் குத்தி, துளி ரத்தத்தைப் பட்டையில் வைத்தாள். 94. சென்சர் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் மாமியின் அறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. வெளியே ரப்பர் இலைகளில் மழை விழும் ஓசைக்கும், கூடத்து மின்விசிறியின் முனகலுக்கும் அடியில் கறுக், கறுக் என்று எதையோ கடிக்கும் சத்தம். கதவு ஒருக்களித்திருந்தது. கட்டில் விளிம்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள் மாமி. மடியில் தகர டப்பா. உருக்கிய வெல்லத்தின் மணம் வாசல்வரை வந்தது. முந்திரிக்கொத்து.

ஒவ்வொரு கடிக்கும் போனில் எண் ஏறியது. 244. 251.

“மாமி, உங்க விரலைக் கொஞ்சம் தாருங்க.”

மாமி திடுக்கிட்டு டப்பாவைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். பிடிபட்ட சிறுமியைப்போலக் கையை நீட்டினாள். மீட்டர் 253 என்றது. ஜாஸ்மியின் கையில் ஒட்டியிருந்த சென்சரும் 253 என்றது.

“மாமி, இது எனக்க கையிலதான் இருக்கு. ஆனா உங்களுக்க சுகரைக் காட்டுது.”

“அப்போ உனக்க உடம்புக்குள்ள நானா கிடக்கேன்? போடி!” மாமி வாயில் மாவோடு சிரித்தாள். பிறகு மீட்டரையும் போனையும் மாறிமாறிப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஜாஸ்மியின் கையையே பார்த்தபடி தன் கையைத் தலைப்பால் இறுக்கி மூடினாள். “கழட்டிப் போடு அதை.”

“கழட்டினா அவியளுக்குத் தெரிஞ்சுபோவுமே.”

அதற்குள் ஜாஸ்பர் அழைத்துவிட்டான். முகம் திரையை நிறைத்திருந்தது.

“ஏட்டி, அம்மைக்கு இருநூற்றைம்பது தாண்டி நிக்குது. நீ என்னத்தைக் குடுத்த?”

திரைக்கு இந்தப்பக்கம் மாமி உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டினாள். உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. ஆனால் எங்கிருந்து தொடங்குவது? ஒட்டியதிலிருந்தா, சிரித்ததிலிருந்தா?

“சென்சர் கேடாயிருக்கும். மாமி ஒண்ணும் தின்னேல.”

“புதுசு ஒண்ணு கேடாவுமா? ஒரு அம்மையப் பாத்துக்கிட உனக்கு முடியேல, இல்லியா?”

அவளுக்கு வலித்தது அந்தப் பேச்சு அல்ல. அவன் கோபத்தின் அடியில் கிடந்த பயம் நிஜமானது. அதற்குத்தான் அவள் பொய் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து மாமி வீட்டில் எங்கே இருந்தாலும் ஜாஸ்மிக்குத் தெரிந்தது. துவையல் அரைக்கும்போது, துணி விரிக்கும்போது, போன் அசைந்தால் மாமி எதையோ தின்கிறாள் என்று தெரியும். ஒருத்தியின் உடம்புக்குள் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் கூச்சமாக இருந்தது. மாமியும் அவள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

திருவிருந்து ஞாயிறு வந்தது. அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும்வரை பல்லில் பச்சைத்தண்ணீர் படாமல் இருப்பது மாமியின் வழக்கம். காலையில் குளியலறைக் கொக்கி விழும் சத்தம் கேட்டபோது ஜாஸ்மி கதவைத் தட்டினாள்.

“மாமி, வெறும் வயிற்றில ஊசி போடப்பிடாது. சுகர் ஒரேயடியா தாழ்ந்துபோவும்.”

“அரைவாசிதான் போட்டேன். சும்மா சத்தம் வைக்காத, வேலைக்காரி நிக்கா.”

கோயிலுக்குள் நனைந்த குடைகளின் வாசமும், பவுடர் வாசமும், கஞ்சிபோட்ட வெள்ளைச் சேலைகளின் மொடமொடப்பும் நிறைந்திருந்தன. மாமி முன்வரிசையில் சங்கத்துப் பெண்களோடு இருந்தாள். ஜாஸ்மி நான்கைந்து வரிசை பின்னால். கைப்பை அதிர்ந்தது. திறந்து பார்த்தாள். 66. அம்பு கீழே.

பையில் மிட்டாய் இருந்தது. எழுந்து நடந்தால் போதும், எல்லாரும் பார்க்க அதை மாமியின் வாயில் திணித்தால் போதும். ஆண்டவர் சுகமாக்கியவளின் வாயில்.

போன் வீறிட்டது. பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கியிருந்த அமைதியில் அது கோயில் முழுவதும் கேட்டது. பிந்தி வந்ததால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷெர்லி ஒற்றைக் கண்ணைத் திறந்து, “அதை அமத்துட்டி, நாணக்கேடு,” என்றாள்.

ஜாஸ்மி அமர்த்தினாள்.

இடது கை தோளிலிருந்து குளிர ஆரம்பித்தது. 53. சங்கத்துப் பெண்கள் எழுந்து வரிசையாய்ப் பீடத்தை நோக்கி நடந்தார்கள். மாமியின் நடை கொஞ்சம் கோணலாக இருந்தது. திரும்பி ஒருமுறை கூட்டத்தில் யாரையோ தேடினாள். ஜாஸ்மி தலையைக் குனிந்துகொண்டாள். 47. முழங்கால்படியிட்டார்கள். 42. கிண்ணம் ஒவ்வொரு உதடாக நகர்ந்தது. எல்லாரும் எழுந்தார்கள்.

ஒருத்தி எழவில்லை.

ஹார்ட் அட்டாக் என்றார்கள் ஆஸ்பத்திரியில். திருவிருந்து மேசையில் பிராணன் போவது யாருக்குக் கிடைக்கும் என்றார்கள் சபையார். ஐஸ்பெட்டி கூடத்தின் நடுவில் வந்தது. ஜாஸ்பரின் விமானத்துக்காகக் காத்திருந்தார்கள். பெண்கள் பாடினார்கள், அழுதார்கள், ஜாஸ்மியின் முதுகைத் தடவினார்கள். கை அந்த வட்டத்தில் பட்டுவிடுமோ என்று ஒவ்வொருமுறையும் அவள் விலகினாள். போனில் எண்ணுக்குப் பதில் ‘LO’ என்ற இரண்டெழுத்து, அளக்க முடியாத அளவு குறைவு என்று. குளியலறைக்குள் போய்த் தன் விரலைக் குத்தினாள். 91. வட்டத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். அசையவில்லை. கதவைத் தட்டினார்கள். சேலையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் மாலை மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் செம்மண் குழைந்து கிடந்தது. ஜாஸ்பர் தூங்காத கண்களோடு குழியின் ஓரத்தில் நின்றான். பெட்டியை மூடி ஆணி அடித்தார்கள். கயிற்றில் இறக்கினார்கள். அடியில் தண்ணீர் சளக்கென்றது.

அவன் சட்டைப்பையில் போன் அலறியது.

எடுத்துப் பார்த்தான். மறுபடி பார்த்தான்.

“அம்மைக்கு...” குரல் உடைந்தது. “அம்மைக்கு நூற்றி நாப்பது காட்டுது. இப்போ. ஏறிட்டு வருது. அந்த சென்சர் அம்மைக்க கையிலதானே இருக்கு? உயிர் இருக்கு! ஏலே, மேல தூக்குங்கல! பெட்டியத் தொறங்கல!”

கயிறு பிடித்தவர்கள் உறைந்து நின்றார்கள். இருவர் குழிக்குள் இறங்கினார்கள். போதகர் ஜாஸ்மியைப் பார்த்தார். எல்லாரும் ஜாஸ்மியைப் பார்த்தார்கள்.

பெட்டியைத் திறப்பார்கள். சட்டைக் கையைத் தூக்குவார்கள். அங்கே எதுவும் இருக்காது.

நாக்கு தானாகப் புரண்டது.

“அது... மாமிக்க கையில இல்லை.”

“பின்ன?”

அவள் சட்டையின் கையை மேலே சுருட்டினாள். வெள்ளை வட்டம். சபை முழுவதும் பார்த்தது. ஷெர்லி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜாஸ்பர் வட்டத்தைப் பார்த்தான், போனைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தை.

“அப்போ இத்தனை நாளும்... இது உனக்க நம்பரா?”

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒருநாளும் அது என் நம்பர் இல்லை என்று. இப்போது அதை யார் நம்புவார்கள்?

அவன் காறித் துப்பவில்லை, அடிக்கவில்லை. போனை அணைத்துப் பையில் போட்டு, குழிக்குள் நின்ற இருவரையும் மேலே வரச் சொல்லிக் கை காட்டினான். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தான்.

மண் விழுந்தது. மரத்தின்மேல். தொம்.

ஜாஸ்மியின் உள்ளங்கையில் போன். 188.

பிடிபிடியாக மண். பிறகு மண்வெட்டிகள். 240. பயந்தாலும் சர்க்கரை ஏறும். 296. போதகரின் குரல். 340. பாட்டு. பெண்கள் அவளைச் சுற்றி இடம்விட்டு விலகி நின்றார்கள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. பார்க்கவே கூசினார்கள்.

அதனால் ஒருவரும் காணவில்லை.

அவள் கையில் அந்த வெள்ளை வட்டம் மெல்ல மேலே எழும்பியது. அடங்கியது. மறுபடி எழும்பியது. தோலுக்கு அடியிலிருந்து ஒரு விரல்நுனி முட்டுவதுபோல. பிறகு இரண்டு. பிறகு, மண் விழ விழ, அவசர அவசரமாய், ஒரு கையின் அத்தனை விரல்களும்.