எந்தப் பாட்டிலில் நெய்?

முத்துச்செல்வி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கறி வறுத்து முடித்தால், சட்டியை உடனே கழுவக் கூடாது. அது அவள் போட்ட சட்டம். அவள் ஆறாம் வகுப்புதான் படிக்கிறாள். ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

"ஏட்டி, சட்டியக் கொண்டா. கழுவிப் போட்டுட்டு நான் செத்த நேரம் படுக்கணும்" என்பாள் அம்மா அன்னக்கிளி.

"இரும்மா. அடியில எவ்வளவு கொழுப்பு கெடக்கு பாரு!"

உப்பும் மஞ்சளும் மிளகும் போட்டு வறுத்த ஆட்டுக்கறியிலிருந்து கொழுப்பு உருகி, சட்டியின் அடியில் பளபளவென்று நிற்கும். பாதிக் கொழுப்பில் சோற்றைப் போட்டுப் பிரட்டி மூன்று பேரும் சாப்பிட்டுவிடுவார்கள். மீதியைச் சேமிப்பது முத்துச்செல்வியின் வேலை.

அப்படியே பாட்டிலில் ஊற்றி வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். ஒரு தடவை அப்படிக் கெட்டுப்போய், அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடியிருக்கிறார். காரணம் என்ன என்று முத்துச்செல்வி யோசித்தாள். கொழுப்பில் கறித்தூளும் ஈரமும் கலந்திருந்தன. அவை இரண்டையும் எடுத்துவிட்டால்?

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சட்டியில் வெந்நீர் ஊற்றிக் கலக்கி, ஆறவிடுவாள். கனமான மசாலா அடியில் தங்கிவிடும். உப்பு தண்ணீரில் கரைந்துவிடும். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. அது மேலே மிதந்து, ஆறியதும் ஒரு தட்டுப் போல உறைந்து நிற்கும். அந்தத் தட்டை எடுத்து அடுப்பில் வைத்தால் சடசடவென்று சத்தம் வரும். கொழுப்போடு ஒட்டிக்கொண்டிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகும் சத்தம் அது. சத்தம் நின்றால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு துணியில் வடிகட்டிப் பாட்டிலில் ஊற்றலாம். அந்த வாரம் உருளைக்கிழங்கு வறுக்கவும் முட்டை தோசை சுடவும் அதுதான்.

மஞ்சள் நிறம் மட்டும் போகாது. மஞ்சளின் நிறம் தண்ணீரில் சரியாகக் கரையாது. கொழுப்பில் நன்றாகக் கரையும். அதனால் பாட்டிலில் உறைந்திருக்கும் கொழுப்பு இளமஞ்சளாக, பார்ப்பதற்கு நெய் போலவே இருக்கும்.

அதனால்தான் அந்த மார்கழிச் சனிக்கிழமை வம்பு வந்தது.

அவர்கள் இருந்தது இருங்காட்டுக்கோட்டையில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. கார் கம்பெனி வேலைக்காக அப்பா இசக்கிபாண்டி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். பக்கத்து வீட்டில் உமாதேவி அத்தை, அவள் மகன் ஹேமந்த், அவன் அப்பா பரசுராமன். பரசுராமன் சபரிமலைக்கு மாலை போட்டிருந்ததால் இப்போது எல்லோருக்கும் அவர் 'சாமி'. அவர் மாலை போட்ட நாளிலிருந்து அன்னக்கிளி கதவைச் சாத்திக்கொண்டுதான் கறி வறுத்தாள்.

அன்று சாயங்காலம் சாமிக்கு இருமுடி கட்டு. உமாதேவி அத்தை வீடு கழுவுவதற்காகச் சாமான்களை எல்லாம் வெளியே தாழ்வாரச் சுவர்மேல் எடுத்து வைத்திருந்தாள். முத்துச்செல்வியும் தன் கொழுப்புப் பாட்டிலை வெளிப்புறம் தேய்த்துக் கழுவி, அதே சுவரில் காயவைத்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

திடீரென்று தூறல் போட்டது.

"டேய் ஹேமந்த்! எல்லாத்தையும் உள்ள எடுத்து வைடா!" என்று உள்ளேயிருந்து அத்தை கத்தினாள்.

ஹேமந்தும் முத்துச்செல்வியும் ஓடி ஓடி எடுத்து வைத்தார்கள். டப்பா, குடம், விளக்கு, தேங்காய், பாட்டில். கடைசியில் முத்துச்செல்வி தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இது என் பாட்டில்தானா?

அத்தை வீட்டு நெய்யும் இதே மாதிரி ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான் இருந்தது. இரண்டுக்கும் ஒரே மூடி. குளிரில் இரண்டும் வழுவழுவென்று உறைந்து ஒரே நிறத்தில் இருந்தன. அவசரத்தில் எதை எடுத்தோம், எதை அங்கே வைத்தோம்?

ஹேமந்தைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"ப்ச், இன்னா இப்போ? மாறியிருந்தா மாறிட்டுப் போது. யாருக்குத் தெரியப் போவுது?"

"லே, அந்த நெய்ய என்ன செய்வாங்கன்னு தெரியுமா உனக்கு?"

ஹேமந்துக்குத் தெரியும். தேங்காயின் கண்ணில் துளை போட்டு, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நெய்யை ஊற்றி அடைப்பார்கள். அதை இருமுடியில் வைத்து, தலையில் சுமந்து மலைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே ஐயப்பனுக்கு அந்த நெய்யில்தான் அபிஷேகம்.

அவன் வாய் திறந்தபடி நின்றது. "ஐயோ! தேங்காய்க்குள்ள கறிக் கொழுப்பா?"

"அதான். வா, அத்தைகிட்ட சொல்லிருவோம்."

"நீ சொல்லு. நான் தெருமுனையில நின்னுகினு இருக்கேன்."

"நீயுந்தான வேகவேகமா எடுத்து வச்ச? வாலே!"

கேட்டதும் உமாதேவி அத்தை துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். "இன்னாடி சொல்ற? வேற நெய் வாங்கிக்கலாம்னு சொல்லவும் முடியாதே! வாலாஜாபாத்துல எங்கக்கா வூட்டு மாடு சாகக் கெடந்துச்சு. அது பொழைச்சா அதோட நெய்ய மலைக்கு அனுப்புறேன்னு வேண்டிக்கினு அனுப்பின நெய்டி அது!"

"தப்பு என் மேலதான் அத்தை. நானே கண்டுபிடிச்சுத் தாரேன். மோந்து பார்த்தா தெரிஞ்சிரும்." முத்துச்செல்வி மூடியில் கை வைத்தாள்.

"தொறக்காத! சாமிக்குப் போற பொருள மோந்து பார்க்கக் கூடாது. நக்கியும் பார்க்கக் கூடாது."

எந்தப் பாட்டில் சாமியுடையது என்று தெரியாதபோது, எதைத் திறப்பது? முத்துச்செல்வி கையை எடுத்தாள்.

"இருமுடி கட்டிவிட குருசாமி விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துடுவாரு" என்று அத்தை தலையில் கை வைத்தாள். "நான் அவருகிட்ட இன்னா சொல்லுவேன்?"

திறக்காமல், முகராமல், ருசிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? முத்துச்செல்வி இரண்டு பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தாள். நெய்யும் கொழுப்பும் எங்கே வேறுபடும்? கறி சாப்பிட்ட கையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் பிசுபிசுப்பு போகாது. வெந்நீர் வேண்டும். ஆனால் நெய் உள்ளங்கையில் வைத்தாலே உருகி ஓடிவிடும்.

"அத்தை, ஆட்டுக் கொழுப்பு உருக நிறையச் சூடு வேணும். நெய்க்குக் கொஞ்சம் போதும். பாட்டிலத் தொறக்காமலே வெந்நியில வச்சுப் பாப்போம். எது முதல்ல உருகுதோ அதுதான் நெய்."

அத்தை ஒரு நிமிடம் யோசித்தாள். "சரி. ஆனா ரெண்டையும் ஒரே தண்ணியில வைக்காத. சாமி நெய்ய கறிக் கொழுப்போட குளிப்பாட்ட வேணாம்."

"அப்போ ஒரே அளவுல ரெண்டு குண்டான் வேணும். ஒரே அடுப்புத் தண்ணி, ஒரே அளவு. இல்லன்னா சூடு மாறிப்போயிரும்."

அத்தை வீட்டு அலமாரியில் இருந்த பாட்டிலை இடது குண்டானில் வைத்தார்கள். முத்துச்செல்வி வீட்டில் இருந்ததை வலது குண்டானில் வைத்தார்கள். ஹேமந்த் சொம்பால் அளந்து அளந்து வெந்நீர் ஊற்றினான்.

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

இடதும் உருகியது. வலதும் உருகியது. இரண்டும் ஒரே வேகத்தில் தேன் போலத் தெளிந்து நின்றன.

"ஃபெயிலு!" என்றான் ஹேமந்த்.

"வாய மூடுடா!" என்ற அத்தையின் குரல் உடைந்தது. "போதும் முத்து. எடுத்துடு. சாமி வந்தா நடந்ததைச் சொல்லிக்கிறேன்."

முத்துச்செல்வி குண்டான் தண்ணீரில் விரல் நுனியை வைத்துப் பார்த்தாள். தண்ணீர் ரொம்பவும் சூடாக இருந்துவிட்டது. கொழுப்பையே உருக்கும் அளவு சூடு. அதுதான் தப்பு. சூடு குறைந்தால்?

"எடுக்காதீங்க அத்தை! சீக்கிரமா உருகுறது, உறையுறதுக்கு நேரமாகும். லேசுல உருகாதது முதல்ல உறைஞ்சிரும். கறிக்குழம்ப மெதுவாத் தின்னா தட்டுலயே உறைஞ்சிரும்லா? இப்போ ஆறுற வரைக்கும் பாப்போம்."

"ஆற நேரமாவுமே!"

"ரெண்டுலயும் கொஞ்சங் கொஞ்சமாப் பச்சத்தண்ணி ஊத்துவோம். லே ஹேமந்த், இங்க ஒரு சொம்பு ஊத்தினா அங்கயும் ஒரு சொம்பு. கூடக் குறைய ஊத்திராத."

ஹேமந்த் இப்போது சிரிக்கவில்லை. ஊற்றினான். இரண்டு கைகளையும் இரண்டு குண்டானில் விட்டுப் பார்த்தான். "ரெண்டும் ஒரே சூடுதான் கீது. குளிக்கிற வெந்நி மாதிரி."

இன்னும் கொஞ்சம் ஊற்றினான். "இப்போ வெதுவெதுன்னு கீது."

வெளியே தூறல் விட்டுவிட்டது. தெருவில் ஷிப்ட் முடிந்தவர்களை இறக்கிவிடும் கம்பெனி பஸ் சத்தம் கேட்டது. மூவரும் பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடது பாட்டிலின் கண்ணாடியில் மங்கலாக ஏதோ படர்ந்தது. கண்ணாடியில் வாயால் ஊதினால் படியுமே, அது போல. பிறகு ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. கோடு தடித்தது.

வலது பாட்டில் இன்னும் தேன் போலத் தெளிவாகவே இருந்தது.

"இதான் கொழுப்பு!" முத்துச்செல்வி இடது பாட்டிலைத் தூக்கினாள். "இது சாமியோடது இல்ல. இப்போ மோந்து பார்க்கலாமா அத்தை?"

"வாசலாண்ட போய்ப் பாரு!"

வாசலில் நின்று மூடியைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை மிளகு வறுவல் வாசனை குப்பென்று வந்தது.

உமாதேவி அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "அடியம்மா... அது இப்பத்தான் அலமாரியில வெச்சு நான் கையெடுத்துக் கும்பிட்ட பாட்டில்டி! அதத்தான் ஊத்தியிருப்பேன்."

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முத்துச்செல்வியை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "சொல்லாம இருந்திருக்கலாம் நீ. யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே அத்தை."

விளக்கு வைக்கும் நேரத்தில் குருசாமியும் பரசுராமனும் வந்தார்கள். வந்ததும் குருசாமி கேட்ட முதல் கேள்வி, "நெய் உறைஞ்சிருக்குமே, உருக்கணுமே? தேங்காய்க் கண்ணுல உறைஞ்ச நெய் எறங்காது."

ஹேமந்த் நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தான். "உருக்கியே வெச்சிருக்கோம் சாமி!"

தேங்காய்க்குள் நெய் தாராளமாக இறங்கியது. சரண கோஷம் லைன் வீடு முழுக்கக் கேட்டது. வேலை முடிந்து வந்த அன்னக்கிளியும் வாசலில் நின்று கும்பிட்டாள்.

கிளம்பும்போது ஹேமந்த் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிவிட்டான். தன் பங்கைக் கொஞ்சம் பெரிதாக்கியும் சொன்னான். பரசுராமன் தலையில் இருந்த இருமுடியைப் பிடித்துக்கொண்டு முத்துச்செல்வி பக்கம் லேசாகக் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, மலைக்குப் போய் வந்து மாலைய கழட்டினதும், அந்தப் பாட்டில் கொழுப்புல எனக்கு ஒரு முட்டை தோசை சுட்டுத் தருவியா?"

அத்தைக்குக் கேட்டுவிட்டது. "சாமி! தலையில இருமுடி கீது!"

எல்லோரும் சிரித்தார்கள். முத்துச்செல்வியும் சிரித்தபடி சொன்னாள்:

"நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க சாமி. உங்களுக்குன்னு புதுசா உருக்கி வைக்கேன். ஆனா பாட்டில்ல இல்ல, எங்க வீட்டுத் தூக்குச்சட்டியில!"