வாறன் என்று சொன்ன வீடு

ஊர் பார்க்க வந்தவர்கள் ஊரிலே மயங்கிப்போவது புதினமில்லை. ஆனாலும் ஜெயனிக்கு ஆட்டோவால் இறங்கி அரை மணித்தியாலம்கூடத் தேவைப்படவில்லை என்றால் பாருங்களேன்!

டொரொன்டோவில் பிறந்து வளர்ந்தவள். சிநேகிதியின் கல்யாணத்துக்கென்று ஆறு வயது மகள் லவீனாவோடு யாழ்ப்பாணம் வந்து, குருநகரில் லூர்த்தம்மாவின் வீட்டு மாடியை மூன்று கிழமைக்கு வாடகைக்கு எடுத்திருந்தாள். அந்த ஒழுங்கையில் எதிரே ஆள் வந்தால் மதிலோடு ஒட்டி நின்றுதான் வழிவிட வேண்டும். மதில்களில் மீன்வலை காயும். மூலையில் கண்ணாடிக் கூட்டுக்குள் மாதா நிற்பாள். பெயர்கூடத் தெரியாதவர்கள் "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். டொரொன்டோவில் பக்கத்து வீட்டுக்காரனின் முகமே தெரியாதவளுக்கு இது போதாதா?

"இஞ்சையே இருந்திடலாம் போல கிடக்கு," என்று கணவன் தனோஜனுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவன் சிரித்தான்.

ஒழுங்கை முடிவில் ஒரு நீல வீடு. அங்கே மக்டலீன் என்ற எழுபது வயது மனுசி தனியே இருந்தாள். பின்னேரம் மூன்று மணிக்கு முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, போற வாறவர்களையெல்லாம் கூப்பிடுவது அவளுடைய வழக்கம்.

"உந்த வெயிலுக்கை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கை திரியிறாய்? வா, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

"இண்டைக்கு நேரமில்லை அன்ரி. பிறகு கட்டாயம் வாறன்."

"எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை," என்று மக்டலீன் சிரித்தாள். "என்ரை பெடியளும் பிரான்சுக்குப் போகேக்கை உப்பிடித்தான் சொன்னவங்கள்."

கல்யாண அமளியில் நாலு நாள் ஓடிப்போயிற்று. ஐந்தாம் நாள் விடிய, மக்டலீன் நித்திரையிலேயே போய்விட்டாள் என்ற செய்தி வந்தது.

ஜெயனிக்கு நெஞ்சு சுட்டது. ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? சந்தைக்குப் போன லூர்த்தம்மா திரும்பி வரும்வரை காத்திராமல், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு செத்தவீட்டுக்குப் போனாள். முற்றம் நிறைய வாடகைக் கதிரைகள். உள்ளே பெட்டியைச் சுற்றி மெழுகுதிரிகள் எரிய, பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெயனி பெட்டியருகே நின்று அழுதாள்.

எந்த வீட்டிலிருந்து வெளிக்கிட்டாலும் "போறன்" என்று சொல்லாதே, "போட்டு வாறன்" என்று சொல்லு என்றுதான் அவளுடைய தாய் வளர்த்திருந்தாள். செத்தவீட்டிலே மட்டும் அதைச் சொல்லக்கூடாது, வாய் திறவாமல் எழும்பி வந்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க மறந்துபோனாள். அந்த நாட்டில் செத்தவீடு எங்கே வீட்டில் நடக்கிறது?

ஜெயனி குனிந்து, அந்தக் குளிர்ந்த முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்ரி, நாங்கள் போட்டு வாறம்."

செபமாலை நின்றது.

யாரும் அவளைத் திட்டவில்லை. ஒரு கிழவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு செபம் மறுபடி தொடங்கியது.

அடக்கம் முடிந்தது. பிரான்சிலிருந்து யாரும் வரவில்லை. மக்டலீனின் தங்கச்சி மகன் ஒருவன் வீட்டைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போனான். வாடகைக் கதிரைகளையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் மூன்று மணிக்கு ஜெயனி அந்தப் பக்கம் போனாள். வெறும் முற்றத்தில் ஒரு கதிரை இருந்தது. யாரோ மறந்துபோய் விட்டிருப்பார்கள் என்று நினைத்தாள்.

அடுத்த நாள் இரண்டு கதிரைகள். ஒன்றையொன்று பார்த்தபடி.

நல்ல வெயில். ஆனால் மெழுகுதிரி அணைத்த மணம் மூக்கில் ஏறியது.

அதற்கடுத்த நாள் மூன்று.

மூன்றாவது சின்னது. பிள்ளைகள் இருக்கிற கதிரை.

ஜெயனி ஓடி வந்தபோது லூர்த்தம்மா குசினியில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டதும் நண்டை அப்படியே சட்டிக்குள் போட்டாள்.

"என்ரை மாதாவே! செத்தவீட்டிலை அப்பிடிச் சொல்லலாமே? ஆர் உனக்குச் சொன்னது? தனியவே சொன்னனீ?"

"இல்லை அன்ரி. லவீனாவும் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு... வாறம் எண்டுதான் சொன்னனான்."

லூர்த்தம்மா ஈரக் கையைச் சீலையில் துடைத்தாள்.

"அது பொல்லாத மனுசி இல்லை. ஆக்களுக்கு ஏங்கின மனுசி. சொன்ன சொல்லை முடிச்சு விடு. பிள்ளையை நான் பாக்கிறன். நீ தனியப் போய், அந்தக் கதிரையிலை கொஞ்ச நேரம் இருந்திட்டு எழும்பி வா. வரேக்கை ஒரு சொல்லும் சொல்லாதை. திரும்பிப் பாராதை."

போகாமல் அன்றைக்கே கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டால் என்ன என்றுதான் ஜெயனிக்கு முதலில் தோன்றியது. ஆனால் அந்தச் சின்னக் கதிரை கண்ணுக்குள்ளேயே நின்றது. பெற்றவள் என்ன செய்வாள்? போனாள்.

பெரிய கதிரைகளில் ஒன்றில் இருந்தாள். வெயிலில் கிடந்த கதிரை சுட வேண்டும். அது குளிர்ந்திருந்தது.

முன்கதவில் பூட்டுத் தொங்கியது.

உள்ளே யாரோ கோப்பையில் கரண்டியால் சீனி கலக்கினார்கள்.

நிறுத்தினார்கள்.

செருப்புச் சத்தம் மெல்ல மெல்லக் கதவடிக்கு வந்து நின்றது. பூட்டு அசையவில்லை. ஜெயனி மனதுக்குள் "அன்ரி, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, என்ரை பிள்ளையை விட்டுடுங்கோ" என்று கெஞ்சினாள். பிறகு எழும்பினாள். பழக்கதோஷத்தில் அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்து விழுங்கினாள்.

முற்றத்துப் படலையைத் திறந்து வெளியே வந்தாள். ஒருவரும் கூப்பிடவில்லை.

திரும்பிப் பாராமல் ஒழுங்கை முழுக்க நடந்து, மாதா கூட்டடியில் நின்று விம்மி விம்மி அழுதாள். முடிந்துவிட்டது என்ற சந்தோசத்தில் வந்த அழுகை அது.

லூர்த்தம்மா வாசலில் காவல் நின்றாள். "ஒரு சொல்லும் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை அன்ரி."

"அப்ப பயமில்லை. கேற் பூட்டித்தான் கிடக்கு, இஞ்சை ஒரு குருவியும் வரேல்லை. பிள்ளை மாடியிலை படம் கீறுது."

ஜெயனி இரண்டிரண்டு படியாக ஏறினாள். லவீனா தரையில் குப்புறப் படுத்து வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். தாய் ஓடிப்போய் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, விடுங்கோ, நோகுது. இப்ப கொஞ்சம் முன்னம் அந்த அன்ரி வந்தவ."

"எந்த அன்ரி?"

"நீல வீட்டு அன்ரி. அவவின்ரை வீட்டிலை மூண்டு கதிரை இருக்காம், நீங்கள் மட்டும்தான் வந்தனீங்களாம்."

ஜெயனி அறையைச் சுற்றிப் பார்த்தாள். "இப்ப... இப்ப அவ எங்கை?"

"போட்டு வாறன் எண்டு சொன்னவ."

ஜெயனி மூச்சு விட்டாள்.

"ஆனா இன்னும் போகேல்லை," என்று சொல்லிவிட்டு, லவீனா தன் பென்சில் பெட்டியைச் சற்று நகர்த்திப் பக்கத்தில் இடம் விட்டாள்.