டெல்பினின் உப்பு

எங்கள் வீட்டில் குழம்புக்கு உப்புப் போடுவதில்லை. ஊரில் யார் வீட்டிலும் போடுவதில்லை. சட்டியில் கொதிப்பது புளியும் மிளகாயும் மீனும்தான். சோறு தட்டுக்கு வந்த பிறகு, அவரவர் உப்புச் செப்பிலிருந்து அவரவர் உப்பு.

காலையில் என் மனைவி டெல்பின் குளியலறைக்குப் போய்வந்தால் போதும். சுவரிலுள்ள நுண்சத்துமானி அவள் உடம்பில் அயோடின், இரும்பு, ஃபோலிக் அமிலமெல்லாம் எவ்வளவு என்று அளந்துவிடும். குறைவதைச் சேர்த்து, அடுப்படி மெஷின் அவளுக்கென்றே உப்பு கலந்து அவள் செப்பில் கொட்டும். தன்னுப்பு என்று பெயர். பிள்ளை பெறும் வயதிலுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு. ஒரு காலத்தில் பிள்ளை உண்டான பிறகுதான் இதைப் பற்றியெல்லாம் யோசிப்பார்களாம். உண்டாகியிருப்பது தாய்க்கே தெரிவதற்குள் கருவின் மூளை உருவாகத் தொடங்கிவிடுகிறதே என்று உறைத்த பிறகு வந்த ஏற்பாடு இது. ஆண்களுக்குப் பொது உப்பு. பாக்கெட்டில் வரும், சப்பென்று இருக்கும்.

தூத்துக்குடிக்காரனுக்குச் சப்பென்ற உப்பைக் கொடுப்பது அநியாயம் இல்லையா? டெல்பினின் உப்பில் கடற்பாசி வாசம் அடிக்கும். மாங்காய்த் துண்டில் தொட்டுத் தின்றால் சொர்க்கம். ஒரு நாள் ஒரு சிட்டிகை எடுத்தேன். பிறகு தினமும் எடுத்தேன். குறைந்தது தெரியாமலிருக்க என் உப்பை அள்ளி அவள் செப்பில் போட்டு வைத்தேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

ஐந்து மாதமாக டெல்பினின் மானியில் மஞ்சள் விளக்குதான். பச்சை எரிந்த பிறகு பிள்ளைக்கு முயலலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இந்த வருடம் எப்படியும் பிள்ளை என்று அவள் தீர்மானமாக இருந்தாள்.

"என் ஒடம்புல எதுவுமே ஒட்ட மாட்டேங்குது. எனக்குக் குடுத்து வைக்கல போல," என்றாள் ஒரு காலையில். எனக்குப் பாவமாக இருந்தது. முட்டாள், அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மெஷின்களைச் சரிபார்க்கும் வட்டார உப்புக்கூடத்திலிருந்து ஊழியர் சகாயமேரி கைமானியோடு வந்தார். டெல்பினைச் சோதித்தார், அதிலும் மஞ்சள்.

"மெஷின் ஒழுங்காத்தான் கலக்குது. வாரா வாரம் கூட்டியும் போட்டிருக்கு. என் மானியிலதான் கோளாறான்னு பாக்கணும். அமலண்ணே, நீங்க வாங்க."

என்னைச் சோதித்தவர் மானியைத் தட்டினார், துடைத்தார், மறுபடி சோதித்தார்.

"அண்ணே, நீங்க முழுகாம இருக்கியளா?"

"என்னது?"

"அயோடின், ஃபோலிக் எல்லாம் புள்ளத்தாச்சிக்கு உள்ள அளவுல்லா காட்டுது!"

டெல்பின் என்னைப் பார்த்தாள். செப்பைப் பார்த்தாள். மேசையில் நான் பாதி தின்று வைத்திருந்த மாங்காயைப் பார்த்தாள்.

"ஏங்க..."

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மெஷின் அவளுக்காகக் கூட்டக் கூட்ட, அத்தனையும் என் வயிற்றுக்குள் போயிருந்தது.

"அஞ்சு மாசமா என்னைய நானே ஏசிக்கிட்டுக் கெடந்தேன்," என்றாள். குரல் உடைந்தது. வெட்கத்தில் எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சகாயமேரியோ சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்து டெல்பினுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே என் முதுகில் இரண்டு போட்டாள்.

"அக்கா, கோளாறு என் ஒடம்புல இல்ல! என் வீட்டுல இருக்கு!"

செப்புக்குப் பூட்டு வந்தது. பத்தாவது வாரம் பச்சை எரிந்தது.

அதற்குப் பிறகு நாலு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் உப்பு மெஷின் வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடியது. ரிப்பேர் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். 'இருவருக்கான அளவு' என்று திரையில் இருந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள்.

டெல்பின் செப்பைத் திறந்து, மாங்காய்த் துண்டில் உப்பைத் தொட்டு என்னிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு மட்டும்."

"வேண்டாம், அது பிள்ளையோடது," என்றேன்.

என் பாக்கெட்டைப் பிரித்து, அந்தச் சப்பென்ற உப்பைத் தொட்டுத் தின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு ருசியான மாங்காயை நான் தின்றதே இல்லை.