மூச்சை அடக்கு

ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ அறையில் பட்டப்பகலிலும் இருட்டுதான். திரை தெளிவாகத் தெரிய விளக்கை அணைத்து வைப்பார்கள். அங்கே படமெடுப்பவள் அக்கா. மூட்டை தூக்கும் தம்பிக்குப் படியேறினால் மேல்மூச்சு வாங்குகிறது என்று அவள்தான் இழுத்து வந்திருந்தாள். இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து நெஞ்சில் ஜெல்லைத் தடவினாள்.

“ஐஸா இருக்கு. பொணத்துக்குப் பூசுறதா?”

“வாயை மூடுடா. மூச்சை முழுசா விட்டுட்டு அடக்கு.”

அடக்கினான்.

சுவரோரம் யாரோ மூச்சு விட்டார்கள். இழுத்து இழுத்து, முடிவில் விசிலடித்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. அது மேஸ்திரியின் மூச்சு. தம்பியின் கோஷ்டிக்குத் தலைவர். மழைக்காலத்தில் இதே கட்டிலில் படுத்தார். இதயத்தின் பம்ப் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். நனைந்த சாக்குமூட்டையோடு விழுந்து செத்தார். பிறகு அதே கோஷ்டியில் இருவர் இங்கே படுத்தபோதும் இந்த விசில் கேட்டது.

இருவரும் இன்று இல்லை.

தம்பி குளித்துவிட்டுத்தான் வந்திருந்தான். ஆனாலும் நனைந்த சாக்கு நாற்றம்.

“பம்ப் எப்படிக்கா?”

“சரியாத்தான் இருக்கு. இரு, தசை எவ்வளவு சுருங்குதுன்னு தனியாப் பார்க்கணும்.”

திரையில் தசையின் சுருக்கத்தை நிறத்தில் காட்டும் வட்டம் விரிந்தது. எங்கும் நல்ல சிவப்பு. ஓரத்தில் மட்டும், கட்டைவிரல் அழுத்தியது போல வெளிறிய இடம்.

“ஆரம்பம்தான்டா. மருந்துல நிறுத்திடலாம். இப்பவே டாக்டரைப் பாரு. மூட்டையை மட்டும் தொடாதே.”

“தொடாம? என் பிள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா?”

“நான் போடுறேன்.”

“நீயே ஒத்த ஆளாத் திண்டாடுற.” சட்டையை மாட்டினான். “வலியே இல்லக்கா. லாரி நிக்குது.”

“உன் காலைப் பிடிக்கிறேன்டா.”

நிஜமாகவே பிடித்தாள். அவன் சிரித்துக்கொண்டே விரல்களைப் பிரித்தெடுத்தான்.

“பேயறைஞ்சவ மாதிரி முழிக்காதே. சாயங்காலம் வர்றேன்.”

கதவு சாத்திக்கொண்டது. அவள் தரையிலேயே கிடந்தாள். காதைத் தீட்டிக் கேட்டாள்.

விசில் இல்லை. சாக்கு நாற்றமும் இல்லை.

மழைக்காலத்துக்குப் பிறகு அந்த அறை முதல்முறையாகக் காலியாக இருந்தது.

அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். வெயில் கொட்டிய நடையில் தம்பி போய்க்கொண்டிருந்தான். வெறும் தோள். ஆனால் மூட்டைக்கு அடியில் நடப்பவன் போலக் குனிந்திருந்தான்.

“டேய்!”

திரும்பினான். உதடுகள் இறுக மூடியிருந்தன. நெஞ்சு அசையவில்லை.

விசில் மட்டும் கேட்டது.