ஆற்றி சொன்ன காரணம்

காலை ஏழு மணிக்குச் செங்கோடனின் கழுத்து பேசியது. "வீக்கம் குறைவு. கிருமி இல்லை. புண் மூடவில்லை."

செவ்வாயின் மூன்றாம் சுரங்கக் குடியிருப்பில் அறுவை முடிந்தவர்களின் காயங்கள் இப்படித்தான் பேசும். பதினொரு நாளுக்கு முன் டாக்டர் நஸ்ரின் புற்று பிடித்த பாதி நாக்கையும் தாடையில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டு, தொடைச் சதையை வைத்துத் தைத்திருந்தார். அதற்காகக் கீறிய கழுத்தின் மேல் ஒட்டியிருந்தது ஆற்றி. உயிரணுக்களால் நெய்த மெல்லிய படலம். ரத்தத்தைக் கொண்டுவரும், கிருமியைக் கொல்லும், ஐந்து நாளில் எந்தப் புண்ணையும் மூடிவிடும்.

இந்தப் புண் மூடவில்லை. கழுத்துத் துளை வழியாக எச்சில் கசிந்தது. இன்னும் சற்று ஆழமானால் பெரிய ரத்தக்குழாய் அரிபட்டுவிடும்.

"காரணம், புகையிலைச் சத்து" என்றது ஆற்றி.

மனைவி மரகதம் நிமிர்ந்தாள். செவ்வாய்க்குப் புகையிலை வந்ததே இல்லை. ஒவ்வொரு கப்பலையும் சல்லடையாகச் சலித்துத்தான் இறக்குவார்கள்.

"டாக்டரம்மா, இந்தப் படலம் பொய் சொல்லுதுங்க."

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா."

"அப்ப யாரோ அவருக்குக் குடுக்கறாங்க."

அன்று முழுவதும் அவள் எல்லோரையும் சந்தேகித்தாள். செவிலி இயந்திரத்தின் கையை முகர்ந்தாள். குழாயில் ஊற்றும் கஞ்சியைச் சுவைத்தாள். டாக்டரின் பையைக்கூடத் திறந்து பார்த்தாள். கணவனை மட்டும் சந்தேகிக்கவில்லை.

மாலையில் அவன் நடந்துவிட்டு வருவதாகக் கைகாட்டிப் புறப்பட்டான். அவனையும் சந்தேகிக்கிறோமே என்று தன்மேலேயே கோபத்தோடு அவள் பின்தொடர்ந்தாள். அவன் வேலை பார்த்த பயிர்க்கூடத்தில், தக்காளிப் பாத்திக்குப் பின்னால், அகன்ற இலைகளோடு நாலு செடிகள். செங்கோடன் காய்ந்த இலையைக் கசக்கிக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டிருந்தான்.

அவளைக் கண்டதும், பேச முடியாததால் கூடவே வைத்திருந்த பலகையில் எழுதினான்: "விதை தூசி மாதிரி. நகக்கண்ணுல வெச்சுக் கொண்டாந்தேன். விட முடியல மரகதம்."

அவள் திட்டவில்லை. விரலை விட்டு அவன் வாயைச் சுத்தம் செய்தாள். ஒரு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு குடியிருப்புத் தலைவர் பொன்னுரங்கத்திடம் போனாள்.

"இதையும் மீதி மூணையும் எரிக்கோணுங்க. டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க."

பொன்னுரங்கம் எழுந்து கதவைச் சாத்தினார். ஓர் இலையை எடுத்து, ஒரே இழுப்பில் நடுநரம்பை உரித்தார். பழகிய கை.

"மீதி மூணும் எங்கிருக்குன்னு வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரிய வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

அதன்பின் மரகதம் கணவனை அறையை விட்டு நகரவிடவில்லை. நாலாம் நாள் காலையில் கழுத்து சொன்னது: "கசிவு நின்றது. புண் மூடுகிறது."

அவள் அதன் மேல் கன்னத்தை வைத்து அழுதாள்.

அன்று நண்பகலே பொன்னுரங்கம் தலைமையில் நிர்வாகச் சபை கூடியது. ஆற்றி தவறான தகவல் தருகிறது, எல்லோர் உடம்பிலிருந்தும் உடனே அகற்ற வேண்டும் என்று ஏழு உறுப்பினர்களும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். நஸ்ரின் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். மரகதம் பின்வரிசையிலிருந்து அந்த ஏழு முகங்களையும் பார்த்தாள். ஏழு பேருக்கும் இடது கன்னம் லேசாகப் புடைத்திருந்தது.