பெஞ்சில் உட்காராத நடுவர்

டோரீன் பாஸ்க் கதவைத் தட்டவில்லை, குத்தினாள். நார்மன் ப்ளைத் வந்து திறந்தபோது அவள் ஒரு கையில் வாளியோடு நின்றாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை சிவப்புப் பெயிண்ட்.

"என் வீட்டுக் கதவுல ஆளுயரத்துக்கு '2'ன்னு எழுதி வச்சிருக்கானுங்க, மிஸ்டர் ப்ளைத். விடிஞ்சதுலேருந்து தேய்க்கிறேன், போகமாட்டேங்குது. இன்னைக்கு ஆறு மணிக்கு ஊர் மன்றத்துல என்னை வெளியேத்த ஓட்டு எடுக்கப் போறாங்க. போன வருஷம் கோயில் மணிக்கயித்தை அறுத்தது யாருன்னு நீங்கதானே கண்டுபிடிச்சீங்க? இதையும் என்னன்னு பாருங்க. இல்லேன்னா நானே போய் ஒருத்தன் மண்டையை உடைச்சிடுவேன்."

"உள்ள வாங்க, டோரீன். யார் மண்டைன்னு முதல்ல முடிவு பண்ணலாம்" என்றார் நார்மன்.

உள்ளே சமையலறையில் 'வெள்ளைக் கலைமான்' மதுக்கடையை நடத்தும் மேவிஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். ஊரில் எது நடந்தாலும் முதலில் நார்மனிடம் ஓடி வருகிறவள் அவள்தான். டோரீனின் கைகளைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்துவிட்டது.

அந்த இரண்டுக்கு அர்த்தம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தார்ன்பி மாலெட் கிராமம், மாவட்டத்தின் சிறந்த கிராமப் போட்டியில் இரண்டே மதிப்பெண்ணில் தோற்றது. மூன்று மாதமாக ஊரே பைத்தியம் பிடித்தாற்போல் வேலை செய்திருந்தது. கல்லறைக் கற்களைப் பல் துலக்கும் தூரிகையால் தேய்த்தார்கள். வாத்துக் குளத்தில் வாத்துகளைத் தவிர எல்லாவற்றையும் கழுவினார்கள். நடுவர் யார், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் போட்டியின் விதி. அதனால் ஜூன் மாதம் முழுக்க ஊருக்குள் வந்த முன்பின் தெரியாத ஆளுக்கெல்லாம் பல்லைக் காட்டினார்கள். வழி தவறி வந்த ஒரு லாரிக்காரருக்கு ஜாமும் கேக்கும் கொடுத்து, தேவாலய ஜன்னல்களின் வரலாற்றையும் சொல்லி அனுப்பினார்கள். பாவம், அவருக்கு வேண்டியிருந்தது கழிப்பறை.

பிறகு நடுவரின் கடிதம் வந்தது. போட்டிக் குழுத் தலைவர் ஜெரால்ட் வின்காட் அதை மன்றத்தில் வாசித்தார். அன்றிலிருந்து டோரீனுக்கு ரொட்டிக்கடையில் யாரும் வணக்கம் சொல்வதில்லை.

மேவிஸ் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் அறைந்தாள். "அறிவிப்புப் பலகையிலேருந்து கிழிச்சிட்டு வந்துட்டேன். படிங்க. படிச்சா வயிறு எரியும்."

நார்மன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். முதல் பத்தி முழுக்கப் பாராட்டு. இரண்டாவதில் இப்படி இருந்தது: 'ஜூன் 17, புதன்கிழமை காலை, பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் அமர்ந்து வயல்வெளியின் அழகை ரசிக்க முயன்றேன். ஆனால் கண்ணில் பட்டது ஒரு கேரவன் வண்டிவீடு, அதன் வாசற்படி, படியருகே சிவப்பு எரிவாயு உருளை, கொடியில் அடுக்கடுக்காக நீல விரிப்புகள். இந்த அவலட்சணம் இல்லாவிட்டால் பரிசு உங்களுடையதே.' கீழே புரியாத ஒரு கையெழுத்து.

"அன்னைக்கு நீல விரிப்பு காயப்போட்டீங்களா?" என்று கேட்டார் நார்மன்.

"போட்டேன். அதைப் பொய்னு சொல்லல. என் தங்கச்சி வந்திருந்தா, அவளோட விரிப்பு. ஒரே நாள்தான் கொடியில கிடந்துச்சு. என்கிட்ட நீலமே கிடையாது." டோரீன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருஷம் அந்தப் பண்ணையில மாடு பார்த்தாரு. அவர் போனதும் பண்ணை வீட்டைக் காலி பண்ணச் சொன்னாங்க, பண்ணேன். வயல் மூலையில கேரவன் போட்டுக்கன்னாங்க, போட்டேன். இப்ப பண்ணைக்காரர் என்ன சொல்றாரு தெரியுமா? 'ஊர் வேண்டாம்னா நான் என்ன பண்றது, டோரீன்'ங்கிறாரு. நான் எங்க போறது, சொல்லுங்க?"

மேவிஸ் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நீ எங்கயும் போகமாட்ட, கண்ணு."

நார்மன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஒருத்தராவது நடுவர் அலுவலகத்துக்கு ஃபோன் பண்ணிக் கேட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு பெண்களும் அவரை விசித்திரமாகப் பார்த்தார்கள். "நடுவர்கிட்ட போய்க் கேக்கறதா? அசிங்கம் இல்லையா? தோத்துட்டு அழறாங்கன்னு நினைப்பாங்களே" என்றாள் மேவிஸ்.

இதுதான் எங்கள் ஆட்களின் லட்சணம். ஒரு விதவையின் கதவில் பெயிண்ட் அடிக்கலாம், அவளைக் கொட்டும் மழையில் தெருவில் நிறுத்தலாம். நடுவரிடம் ஒரு கேள்வி கேட்டால் மட்டும் மரியாதை கெட்டுவிடும்.

மூவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். சாலையோரத்தில் குழுவின் பலகை நின்றது: 'காட்டுப்பூக்களுக்காகப் புல் வெட்டப்படவில்லை. ஜூலை இறுதி வரை பொறுத்தருள்க. ஜெரால்ட் வின்காட்.' ஏப்ரலிலிருந்து வெட்டாத புல்லும் வெள்ளைப் பூச்செடிகளும் மேவிஸின் தோள் வரை நின்றன. காலையில் பெய்த மழையில் அவள் சட்டை நனைந்துவிட்டது. நார்மன் பெஞ்சில் உட்கார்ந்து இடதுபுறம் பார்த்தார், வலதுபுறம் பார்த்தார், பாக்கெட்டிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"என்ன தெரியுது?" என்று பரபரத்தாள் மேவிஸ்.

"ஒரு நத்தை" என்றார் நார்மன்.

அடுத்து வயல் கதவருகே போய் நின்றார். அங்கிருந்து கேரவனின் முதுகுதான் தெரிந்தது. வாசல் அந்தப் பக்கம், குன்றைப் பார்த்து இருந்தது. அவர் கேரவனைச் சுற்றிப் போய் அதன் வாசற்படியில் ஏறி நின்று குன்றைப் பார்த்தார். குன்றின் மேல் மூன்று கட்டடங்கள். இடப்பக்கம் மேவிஸின் மதுக்கடை. அதன் முன்னால் இலை அடர்ந்த பெரிய மரம் மாடி ஜன்னல்களை முழுக்க மறைத்திருந்தது. நடுவில் குழுச் செயலாளர் ப்ரூ ஹாலமின் மாடியில்லாத வீடு. தேவாலயச் சுவருக்கு மேல் அதன் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. வலப்பக்கம் பழைய பாதிரியார் இல்லம். அதன் மேல்மாடி ஜன்னல் வெயிலில் மின்னியது. அது ஜெரால்டின் வீடு.

"சந்தேகப்படணும்னா என்னையும் சேர்த்துக்கோங்க, நானும் குன்றுமேலதான் இருக்கேன்" என்றாள் மேவிஸ்.

"உங்களை மரம் காப்பாத்திடுச்சு" என்றார் நார்மன்.

ப்ரூவின் வீட்டில் ஐந்து நிமிடம்தான் இருந்தார்கள். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். "கடிதம் ஜெரால்ட் வீட்டுக்குத்தான் வந்ததுன்னாரு. நான் உறையைப் பார்க்கல. விண்ணப்பமா? அதை நான்தான் பூர்த்தி பண்ணினேன். தலைவர் கையெழுத்துப் போட்டு அனுப்பணும்னு மே மாசம் வெள்ளிக்கிழமை அவர்கிட்ட கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை கடைசி நாள்."

"நடுவுல திங்கக்கிழமை?"

"வசந்தகால விடுமுறை" என்றாள் ப்ரூ.

நார்மன் தலையாட்டிவிட்டு, பச்சைப்புல் மைதானத்தின் ஓரத்திலிருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் போனார். வெளியே நின்ற மேவிஸ் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். அவர் வெளியே வந்தபோது கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தாள். "மூணு நிமிஷம்தான் ஆச்சு. ரொம்ப மரியாதையா பேசினாங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

ஆறு மணிக்கு மன்றம் நிரம்பி வழிந்தது. ஜெரால்ட் வின்காட் மேடையில் நின்றார். உயரமான மனிதர், கணீரென்ற குரல். தனிப்பட்ட முறையில் திருமதி பாஸ்க் மேல் தனக்கு எந்தக் கோபமும் இல்லையென்றும், ஆனால் ஊரின் நன்மை பெரிதென்றும் தொடங்கினார். பலர் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் டோரீன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயிண்ட் இன்னும் போகவில்லை.

நார்மன் எழுந்தார். "ஓட்டுக்கு முன்னால ஒரு சின்ன விஷயம், தலைவரே. நீங்க கடைசியா எப்ப பஸ்ஸுல போனீங்க?"

சிலர் சிரித்தார்கள். "எனக்குக் கார் இருக்கு, நார்மன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் ஜெரால்ட்.

"பஸ்ஸுக்குக் காத்திருக்கறவங்க யாராவது சொல்லுங்க. அந்தப் பெஞ்சுல உட்கார்ந்தா இப்ப என்ன தெரியும்?"

நடு வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "புல்லு. வேற ஒண்ணும் தெரியாது. பஸ் வர்றதே தெரியமாட்டேங்குது, எழுந்து நின்னுல்ல கை காட்ட வேண்டியிருக்கு!"

"ஏப்ரல்லேருந்து வெட்டல. வெட்டக்கூடாதுன்னு சொன்னதே தலைவர்தான்" என்றார் நார்மன். "ஜூன் பதினேழாம் தேதி அந்தப் பெஞ்சுல உட்கார்ந்த நடுவர் கேரவனைப் பார்த்திருக்க முடியாது. சரி, வயல் கதவுக்கிட்ட போய்ப் பார்த்தாருன்னு வச்சுக்குவோம். அங்கேருந்து கேரவனோட முதுகுதான் தெரியும். கடிதத்துல வாசற்படி இருக்கு. படியருகே உருளை இருக்கு. அந்த ஒரே ஒரு நாள் கிடந்த நீல விரிப்பும் இருக்கு. அப்போ எழுதினவர் அன்னைக்கு அதைக் கண்ணால பார்த்திருக்காரு. பார்த்ததுல பொய் இல்ல. பார்த்த இடத்துலதான் பொய்."

நார்மன் குன்று இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தப் படி தெரியற மாதிரி குன்றுமேல மூணே கட்டடம். மேவிஸ் வீட்டை மரம் மறைக்குது. ப்ரூ வீட்டைச் சுவர் மறைக்குது. மிச்சம் ஒரு மேல்மாடி ஜன்னல்."

ஜெரால்டின் முகத்தில் ரத்தம் ஏறியது. "நான் ஏன்யா எழுதணும்? இந்தப் போட்டிக்காக ராப்பகலா உழைச்சவன் நான்! தோக்கணும்னா ஆசைப்படுவேன்?"

"அதேதான் என்னையும் உறுத்திச்சு. ஜெயிக்க ஆசைப்பட்டவர் தோத்த கடிதம் ஏன் எழுதணும்? நான் ரயில்வேயில சிக்னல் பார்த்த காலத்துல எங்களுக்கு முதல் பாடம் ஒண்ணு உண்டு. அட்டவணையில இருக்குங்கறதுக்காக வண்டி போச்சுன்னு பதிவுல எழுதக்கூடாது, கடைசிப் பெட்டியோட விளக்கைக் கண்ணால பார்க்கணும். நாம யாரும் நடுவரைப் பார்க்கவே இல்ல. அதனால ஃபோன் பண்ணிக் கேட்டேன்." நார்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடுவர் வரவே இல்ல. நம்ம விண்ணப்பம் ஒரு நாள் தாமதமா போய்ச் சேர்ந்திருக்கு. வருத்தம் தெரிவிச்சு, தலைவர் பேருக்கே திருப்பி அனுப்பியிருக்காங்க. இந்த வருஷம் தார்ன்பி மாலெட் போட்டியிலயே இல்ல."

யாரோ ஒருவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பை தட்டில் சாய்ந்தது. கல்லறைக் கற்களைத் தேய்த்தவர்கள், வேலிகளுக்கு வெள்ளையடித்தவர்கள், லாரிக்காரருக்கு ஜாம் கொடுத்தவர்கள், எல்லோரும் மேடையையே பார்த்தார்கள்.

ஜெரால்ட் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "திங்கக்கிழமை சாயங்காலம் தபால்பெட்டியில போட்டேன். விடுமுறைன்னா தபால் எடுக்கமாட்டாங்கங்கறதை மறந்துட்டேன். திருப்பி வந்தப்ப நீங்க எல்லாரும் குளத்துக்குள்ள நின்னு சேறு அள்ளிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றது? ஊர் மனசு உடைஞ்சிடுமேன்னு பயந்தேன். போன வருஷக் கடிதத்தோட தலைப்பை நகல் எடுத்து... தோக்கறதுக்கு ஒரு காரணம் வேணுமே."

"அதுக்கு ஒரு பொம்பளையோட குடித்தனம்தான் கிடைச்சுதா உனக்கு?" என்று மேவிஸ் கத்தினாள். அவளைப் பிடித்து உட்கார வைக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"ஊர்கிட்ட நான் மனப்பூர்வமா மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார் ஜெரால்ட். ஊரிடம்தான் கேட்டார். கடைசி வரிசைப் பக்கம் அவர் கண் போகவே இல்லை. அதைப் பார்த்தபோது, கடிதம் எழுதியதற்கு வந்ததைவிட எனக்கு அதிகக் கோபம் வந்தது.

பிறகு எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன, தொண்டைகள் கனைத்தன. யாரோ மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். "அப்ப ஓட்டெடுப்பை ரத்து பண்ணிடலாம், இல்லையா? எல்லாரும் ஒரு டீ குடிப்போம்" என்றாள் ப்ரூ, ஈனக் குரலில்.

"ரத்து பண்ணாதீங்க" என்றாள் டோரீன்.

அவள் கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்து மேடையின் கீழே, எல்லோர் முகமும் தெரியும்படி நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"ஓட்டு எடுங்க. அதுக்குத்தானே வந்தீங்க? டோரீன் பாஸ்க் இந்த ஊரைவிட்டுப் போகணும்னு நினைக்கறவங்க கையைத் தூக்குங்க. நான் பார்க்கணும்."

ஒரு கைகூட எழவில்லை. பலர் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். ரொட்டிக்கடைக்காரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லது. இப்ப உண்மையைச் சொல்லுங்க. மிஸ்டர் ப்ளைத் எழுந்து பேசறதுக்கு முன்னாடி, அரை மணி நேரம் முன்னாடி கேட்டிருந்தா, எத்தனை பேர் தூக்கியிருப்பீங்க?"

டோரீன் அவசரப்படவில்லை, முதல் வரிசையின் இடது மூலையில் தொடங்கி, ஒவ்வொருவராக, பெயர் சொல்லி அழைத்துக் கேட்க ஆரம்பித்தாள்.